அவுஸ்திரேலியப் புத்தகங்களோடு ஒரு மாதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகங்களைத் தொடுவதில்லை என்ற கவலையைத் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில் அடிக்கடி காண்கிறேன். அந்தக் கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறந்து வளரும் நாட்டின் புத்தகங்களை அவர்களின் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாருமான நாம் எவ்வளவு படிக்கிறோம் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நெடுங்காலமாக வாழ்பவன் என்ற முறையில், கடந்த மாதம் முழுவதையும் அவுஸ்திரேலிய எழுத்தாளர்களுக்கென்றே ஒதுக்கி, எங்கள் நகரசபை நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்தேன். அந்த வாசிப்பில் எனக்குப் பட்டவற்றைத் தங்கள் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம்.

இந்த நாட்டின் முக்கியமான கதைகள் பலவற்றில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டின் தரைக்கு அடியில் அல்லது சுவருக்குள், வீட்டுக்காரர் பார்க்க விரும்பாத ஏதோ ஒன்று கிடக்கிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில், ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாத எழுத்தாளர்கள் இதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதாமல் விட்டதை அடுத்து வந்தவர் எடுத்து எழுதியிருக்கிறார். ஆகவே இவற்றில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு அவுஸ்திரேலியாவைத் தெரிந்துகொண்டதாக யாரும் எண்ணிவிட முடியாது.

ஹென்றி லோசன் 1892இல் 'புல்லட்டின்' இதழில் வெளியிட்ட 'தி ட்ரோவர்ஸ் வைஃப்' சில பக்கங்களே கொண்ட சிறுகதை. மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் செல்லும் தொழில் செய்பவனின் மனைவி, நான்கு பிள்ளைகளோடு தனியாகக் காட்டில் வாழ்கிறாள். அடுத்த மனிதக் குடியிருப்பு பத்தொன்பது மைல் தொலைவில். கணவனிடமிருந்து ஆறு மாதமாகச் செய்தி இல்லை. ஒரு மாலை நேரத்தில் பாம்பொன்று பலகைத் தளத்தின் அடியில் நுழைந்துவிடுகிறது. பிள்ளைகளைச் சமையற்கட்டு மேசைமீது படுக்கவைத்துவிட்டு, ஒரு தடியையும் தையற்கூடையையும் அருகில் வைத்துக்கொண்டு, அலிகேட்டர் என்ற நாயின் துணையோடு அவள் விடியும்வரை விழித்திருக்கிறாள். இரவின் நடுவே அடுப்புக்கு விறகெடுக்கப் போகிறாள். ஒரு கட்டையை இழுத்ததும் விறகுக் குவியல் முழுவதும் சரிகிறது. முந்தைய நாள் அவ்வழியே வந்த பூர்வகுடி மனிதன் ஒருவனிடம் கூலி பேசி அடுக்கச் சொன்ன குவியல் அது. அவன் உள்ளே வெற்றிடம் விட்டு வெளியே மட்டும் அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். வேலை நன்றாக முடிந்ததென்று பாராட்டி, புகையிலை கூடுதலாகக் கொடுத்தனுப்பியவள் அவள். கண்ணீர் வருகிறது, துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால், அதிலுள்ள ஓட்டைகள் வழியாக விரல்கள்தாம் கண்ணில் படுகின்றன. ஏழ்மையையும் தனிமையையும் இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வரிகளை நான் அதிகம் படித்ததில்லை.

ஆனால் விறகடுக்கிய அந்த மனிதனைப் பற்றி லோசன் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகும் செய்தியைக் கவனியுங்கள்: அவன் தன் குலத்தின் கடைசி மனிதன், அவர்களுக்கு அரசனும்கூட. ஒரு குலம் முழுவதும் எப்படி அழிந்தது, அதன் அரசன் ஏன் துண்டுப் புகையிலைக்கு விறகு சுமக்கிறான் என்று கதை கேட்பதில்லை. அவள் தனியே பிள்ளைப்பேற்று வலியில் கிடந்தபோது வந்து உதவிய பூர்வகுடிப் பெண் கறுப்பு மேரியும் சில வரிகளில் வந்து மறைந்துவிடுகிறாள். இந்த இடத்திலிருந்துதான் லியா பர்சல் தொடங்குகிறார். பூர்வகுடி வழிவந்த நடிகையும் எழுத்தாளருமான அவர், சிறுவயதில் தாய் படித்துக்காட்டிய இக்கதையை 2016இல் நாடகமாகவும், 2019இல் நாவலாகவும், பின்னர் திரைப்படமாகவும் மாற்றி எழுதினார். லோசன் பெயர்கூட வைக்காத அந்த மனைவி இங்கே மோலி ஜோன்சன் ஆகிறாள். கறுப்பு மேரிக்கும் அவளுக்கும் உள்ள உறவு என்ன என்பதே கதையின் நடுத்தூண் ஆகிறது. லோசனைப் படிக்காமல் பர்சலைப் படித்தால் அவருடைய துணிவு விளங்காது. பர்சலைப் படித்த பிறகு லோசனைப் பழையபடி படிக்க முடியாது. நம் பிள்ளைகள் லோசனைப் பள்ளியில் படிக்கக்கூடும். அப்போது வீட்டில் இரண்டையும் பற்றிப் பேச ஒரு பெரியவர் இருந்தால் நல்லது.

கேட் கிரென்வில் 2005இல் எழுதிய 'தி சீக்ரெட் ரிவர்' நாவலைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. லண்டன் தேம்ஸ் நதியில் படகோட்டிப் பிழைத்த வில்லியம் தோர்ன்ஹில், திருட்டுக் குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டு மனைவி மக்களோடு சிட்னிக்கு வருகிறான். தண்டனை தளர்ந்ததும் ஹோக்ஸ்பரி நதிக்கரையில் நூறு ஏக்கர் நிலத்தைத் தனதென்று வளைத்துக்கொள்கிறான். பிறந்தநாள் தொட்டுப் பிடிமண்கூடச் சொந்தமில்லாத ஏழை அவன். அந்த நிலத்தைப் பார்த்ததும் அவனுக்குள் எழும் ஆசையை, படிக்கும் நமக்கும் நியாயமென்றே தோன்றும்படி ஆசிரியர் எழுதியிருக்கிறார். அவன் சோளம் விதைக்கக் கொத்திப்போடும் இடத்தில் அந்நிலத்தின் பூர்வகுடிகளான தாருக் மக்களின் பெண்கள் காலங்காலமாகக் கிழங்கு அகழ்ந்து வந்திருக்கிறார்கள். அவன் களையென்று பிடுங்கியெறிவது அவர்களுடைய உணவு. நாவலின் பிற்பகுதியில் வரும் படுகொலையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைப் படித்தே அறிய வேண்டும். அதற்கும் பிறகு வருவதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. தோர்ன்ஹில் செல்வந்தனாகிக் கல்வீடு கட்டுகிறான். அவன் தேர்ந்தெடுத்த பாறையில், பூர்வகுடிகள் முன்னொரு காலத்தில் செதுக்கிய பெரிய மீன் ஒன்று இருக்கிறது. அந்த மீனின்மேலேயே அத்திவாரம் எழும்புகிறது. தளத்தின் கீழே இருட்டில் மீன் அப்படியே கிடக்கிறது என்பது வீட்டுக்காரனுக்குத் தெரியும். அவன் அதைப்பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

இது முற்றிலும் கற்பனை அல்ல. சாலமன் வைஸ்மன் என்ற தம் முன்னோரின் வரலாற்றைத் தேடப்போய்த்தான் கிரென்வில் இந்நாவலுக்கு வந்து சேர்ந்தார். சிட்னிக்கு வடக்கே ஹோக்ஸ்பரி நதியில் வைஸ்மன்ஸ் ஃபெரி என்ற ஊர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாகனங்களை அக்கரை சேர்க்கும் படகும் ஓடுகிறது. விடுமுறை நாட்களில் நம்மவர்கள் புளியோதரைப் பொட்டலத்தோடு போய்வரும் இடந்தான். வரலாற்றாசிரியர் இங்கா கிளெண்டினன் இந்நாவலைக் கடுமையாக விமர்சித்தார்: இன்றைய மனத்தைக் கொண்டுபோய் இருநூறு ஆண்டுக்கு முந்திய மனிதருக்குள் வைத்துவிட்டு அதை வரலாற்றுக்குச் சமமாகக் கொள்ள முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். வாதத்தில் வலு இருக்கிறது. எனினும், நாவல் வரலாற்று நூலுக்கு மாற்றாகாது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகும், இந்த நாவல் இல்லாவிட்டால் அந்த வரலாற்று நூல்களைத் தேடிப் போகவே எண்ணாதிருக்கக்கூடிய வாசகர்கள் ஏராளமானோர் என்றே நான் கருதுகிறேன்.

நம் மக்களுக்கு இந்த நாவல் சொல்லும் செய்தி தனியானது. காணி உறுதியின் மதிப்பு என்னவென்று நமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் 1990இல் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல, உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, காணிக்குள் கால்வைக்க முடியாமல் பல பத்தாண்டுகளைக் கழித்தன. இன்னும் காத்திருப்போரும் உண்டு. அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே வங்கிக் கடனில் வீடு வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுகிறோம். வாங்கிய காணியின் உறுதியை முந்திய உரிமையாளர், அவருக்கு முந்தியவர் என்று பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், அது எங்கோ ஓரிடத்தில் ஒரு தோர்ன்ஹில்லின் கையில் போய் முடியும். அவனுக்கு முன்பு அங்கிருந்தோரிடம் உறுதி இருக்கவில்லை. இந்நிலம் யாருக்கும் சொந்தமில்லாதது என்ற சட்டக் கற்பனையை நாட்டின் உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992 ஜூன் 3ஆம் திகதிதான். அந்த வழக்கைத் தொடுத்த எடி மாபோ தீர்ப்பைக் கேட்க உயிரோடிருக்கவில்லை; அதே ஆண்டு ஜனவரியில் காலமாகிவிட்டார். காணி இழந்த வலியை அறிந்த நாம், காணி இழந்த இன்னொரு மக்களின் கதையைப் படிக்காமல் இருப்பது முறையாகாது.

டிம் விண்டனின் 'கிளவுட்ஸ்ட்ரீட்' 1991இல், அந்தத் தீர்ப்புக்கு முந்திய ஆண்டில் வந்தது. பேர்த் நகரில் ஒரே பெரிய வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் இரு ஏழைக் குடும்பங்களின் இருபது ஆண்டுக் கதை. அன்பும் சண்டையும் நிறைந்த, மிகவும் விரும்பிப் படிக்கத்தக்க நாவல். பாதிக்கு மேல் சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் அந்த வீடும் ஒரு காலத்தில் பூர்வகுடிச் சிறுமிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்திருந்த இடம். அவர்களில் ஒருத்தி நஞ்சருந்தி இறந்திருக்கிறாள். ஓர் அறையில் அவளுடைய நிழல் நீங்காமல் இருக்கிறது. விண்டன் அந்த நிழலுக்குக் கொடுத்த இடம் போதாது என்பது என் கருத்து. குடும்பங்கள் இரண்டும் ஒன்றுசேர்ந்ததும் வீடு தூய்மையடைந்துவிடுகிறது. சிறுமியின் கணக்கு அவ்வளவு எளிதில் தீரக்கூடியதா என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

கிரென்வில்லும் விண்டனும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்க்கிறார்கள் என்றால், வெளியே நின்றவர் கண்ணில் அதே காலம் எப்படித் தெரிந்தது என்பதற்கு பூர்வகுடி நூங்கார் இனத்தைச் சேர்ந்த கிம் ஸ்கொட் எழுதிய 'தட் டெட்மன் டான்ஸ்' (2010) பதில் தருகிறது. 1801 டிசம்பரில் மாத்யூ பிளிண்டர்ஸின் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கரையில் கிங் ஜோர்ஜ் சவுண்ட் என்ற இடத்தில் நங்கூரமிட்டிருந்தபோது, சிவப்பு அங்கி அணிந்த கடற்படை வீரர்கள் கரையில் அணிவகுப்பு நடத்தினர். பார்த்துக்கொண்டிருந்த நூங்கார் மக்கள் அதன் அசைவுகளை மனத்தில் வாங்கி, தங்கள் ஆடலாக்கித் தலைமுறைகளுக்குக் கடத்தினர். இது வரலாற்றில் பதிவான செய்தி. நாவலின் தலைப்பே அந்த ஆடல்தான். வந்தவர்களை அஞ்சாமல் வரவேற்று, அவர்களிடமிருந்து புதியவற்றைக் கற்று, திமிங்கில வேட்டைப் படகுகளில் அவர்களோடு சேர்ந்து துடுப்புப் போட்ட பொபி என்ற இளைஞன் இதன் நாயகன். தொடக்கத்தில் நிலவிய நட்பு உண்மையானது, வேறொரு வரலாறு நடந்திருக்க வாய்ப்பிருந்தது என்பதைக் காட்டுவதால், பின்னர் நடப்பது இன்னும் கொடுமையாக உறைக்கிறது. இம்மாதத்தில் படித்தவற்றுள் ஒன்றையே வைத்துக்கொள் என்றால் நான் இதையே வைத்துக்கொள்வேன்.

பூர்வகுடி வான்யி இனத்தவரான அலெக்சிஸ் ரைட்டின் 'கார்பெண்டேரியா' எளிதான புத்தகமன்று. ஐந்நூறு பக்கத்துக்கு மேல். காலம் முன்னும் பின்னுமாக ஓடும். இறந்தோரும் இருப்போரும் ஒரே திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டின் அடியில் ஒரு பாம்பு என்று லோசன் எழுதியது இங்கே தலைகீழாகிறது: நதிகளையும் நிலத்தையும் உருவாக்கிய ஆதிப் பாம்பு நிலத்தடியில் உயிரோடு இருக்கிறது, ஊரும் சுரங்கக் கம்பெனியும் அதன் முதுகில் குந்தியிருக்கும் அற்பப் பொருட்கள். புராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நாவலுக்குள் நுழைவது மற்றவர்களைவிட எளிதாகவே இருக்கும். பெரிய பதிப்பகங்கள் பலவும் திருப்பியனுப்பிய இந்தக் கையெழுத்துப் பிரதியை 2006இல் ஜிராமொண்டோ என்ற சிறிய பதிப்பகம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே நாட்டின் முதன்மையான மைல்ஸ் பிராங்க்ளின் விருது அதற்குக் கிடைத்தது.

இந்தப் புறக்கணிப்பு நம்மவர் ஒருவருக்கும் நேர்ந்திருக்கிறது. ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து கன்பராவில் வளர்ந்த சங்கரி சந்திரனின் முதல் நாவல் போதிய அளவு அவுஸ்திரேலியத் தன்மை கொண்டதன்று என்று இங்குள்ள பதிப்பகங்களால் மறுக்கப்பட்டு, 2017இல் கொழும்பில் வெளிவந்தது. பின்னர் அவர் எழுதிய 'சாய் டைம் அட் சினமன் கார்டன்ஸ்' 2023ஆம் ஆண்டின் மைல்ஸ் பிராங்க்ளின் விருதைப் பெற்றது. மேற்கு சிட்னியில் ஒரு முதியோர் இல்லம். அதன் வளவில் நின்ற கப்டன் குக் சிலை அகற்றப்பட்ட விவகாரம். அங்கே பணிபுரியும் ஓர் இளைஞனின் உடலில் போர் விட்டுச்சென்ற தழும்புகள். தலைப்பைப் பார்த்து இலகுவான பொழுதுபோக்கு நாவலென்று நினைப்பவர்கள் முதல் சில அத்தியாயங்களைத் தாண்டிவிட வேண்டும். விவாதத்துக்காக எழுதப்பட்ட உரையாடல்கள் சில இடங்களில் துருத்திக்கொண்டு நிற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும், வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை யாழ்ப்பாணத்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்கும் நாவல் இது. நம் இல்லங்களில் இப்புத்தகம் எத்தனை இருக்கிறது என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

பேட்ரிக் வைட்டின் 'வாஸ்', பீட்டர் கேரியின் நெட் கெல்லி நாவல் ஆகியவற்றையும் படித்தேன். இரண்டும் பெரிய படைப்புகள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

2023 அக்டோபர் 14ஆம் திகதி, பூர்வகுடி மக்களின் சார்பில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் அமைப்பொன்றை அரசியலமைப்பில் சேர்ப்பதா என்று இந்நாடு வாக்களித்தபோது, குடியுரிமை பெற்ற நாமும் கட்டாயமாக வாக்களித்தோம். பத்தில் ஆறு பேர் அளவில் வேண்டாமென்றார்கள். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது அவரவர் உரிமை. ஆனால் அந்த வாரங்களில் நம் திருமண மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் நான் கேட்ட பேச்சுகளில், ஆதரித்தவர் எதிர்த்தவர் இருசாராருமே அந்த மக்கள் எழுதிய ஒரு பக்கத்தைத்தானும் படித்ததாகத் தெரியவில்லை. நம் விழாக்களில் குத்துவிளக்கேற்றிய பிறகு இந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான தாருக் மக்களுக்கு மரியாதை செலுத்தும் வாசகத்தைத் தவறாமல் வாசிக்கிறோம். வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முகம் தெரிய வேண்டுமானால் இந்தப் புத்தகங்களே வழி.

மாதக் கடைசியில் படித்த புத்தகம் என்னை எதிர்த் திசையிலிருந்து தாக்கியது. ரிச்சர்ட் பிளானகனின் 'தி நேரோ ரோட் டு தி டீப் நோர்த்' 2014இல் புக்கர் பரிசு பெற்ற நாவல். ஜப்பானியப் படை 1942 நடுப்பகுதி முதல் 1943 அக்டோபர் வரை சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து அமைத்த 415 கிலோமீட்டர் ரயில்பாதையில், அவுஸ்திரேலியப் போர்க்கைதிகள் பட்ட பாட்டைச் சொல்கிறது. ஆசிரியரின் தந்தை அங்கிருந்து உயிர்தப்பி வந்தவர். கைதியாக அவருக்கிடப்பட்ட 335 என்ற எண்ணுக்கே ஜப்பானிய உச்சரிப்பில் இந்நூல் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. பசியாலும் வாந்திபேதியாலும் எலும்பாகிப்போன மனிதர்கள், சேற்றில் நின்று, எழுந்து நடக்க முடிந்தவனையெல்லாம் வேலைக்கு அனுப்பு என்ற கட்டளைக்கும் மருத்துவரின் மன்றாட்டத்துக்கும் இடையே கிடந்து துடிக்கும் பக்கங்களைக் கண்கலங்காமல் படிக்க இயலாது.

ஆனால் அந்தப் பாதையில் பெருந்தொகையாக மடிந்தவர்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள். கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் தொகை 90,000 அளவில் இருக்குமென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இதைவிடக் கூட்டியும் குறைத்தும் மதிப்பிடுவோர் உண்டு. கணக்கெழுத யாருமில்லாததே அதற்குக் காரணம். கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயரும் வயதும் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர்கள் காட்டில் கிடங்கு வெட்டிப் புதைக்கப்பட்டார்கள். பிளானகன் அவர்களை அறியாதவர் அல்லர். நாவல் அவர்களைக் குறிப்பிடுகிறது. கதையின் ஒளி அவருடைய தந்தையின் தோழர்கள்மீது விழுகிறது, அது அவருக்குரிய கதை. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும் அந்தப் பக்கங்களைப் படித்தபோது, லோசன் கதையில் விறகடுக்கிவிட்டுப் போன அந்த அரசனைத் தம்மவனாகக் காணும் பூர்வகுடி வாசகர்களுக்கு அக்கதையைப் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் முதன்முறையாக உணர்ந்தேன். ஒரு நல்ல எழுத்தாளரின் நல்ல கதையில், தண்டவாளத்தின் அடியில் கிடப்பவர் நம்மவராக இருந்தார்கள்.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் சயாம் மரண ரயில்பாதையைப் பற்றி நாவல்களே எழுதியிருக்கிறார்கள். அவை அவுஸ்திரேலிய வாசகர் கைக்கு எட்டும் வகையில் ஆங்கிலத்தில் வந்து, பிளானகனின் நாவலுக்கு அருகே ஒரே தட்டில் வைக்கப்பட வேண்டும் என்பது என் பேராவல். ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் திகதி, போர்களில் இறந்த வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளின் விடியற்காலை வழிபாட்டில், அந்தப் பாதையில் இறந்த அவுஸ்திரேலியர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் அங்கே நிற்கிறார்கள். தங்கள் மொழி பேசிய பல்லாயிரவர் அதே சேற்றில் இறந்தார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகையால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வார இதழில் அவுஸ்திரேலியப் புத்தகங்களுக்கென்று மாதம் ஒருமுறையேனும் அரைப்பக்கம் ஒதுக்குங்கள். ஹென்றி லோசன் 1922இல் காலமானவராதலால் அவர் கதைகளுக்கு இப்போது பதிப்புரிமைத் தடை இல்லை. அவற்றைத் தமிழாக்கி வெளியிடலாம், அந்தப் பணியைச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஸ்கொட், ரைட் போன்றோரின் நூல்களைத் தமிழாக்குவதற்கு உரிமை பெற வேண்டும்; தமிழ்ப் பதிப்பகங்கள் அதற்கு முன்வருமாறு தங்கள் பத்திரிகை தூண்ட வேண்டும்.

அதற்கும் முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மலேசியாவிலிருந்து வந்து சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பேர்த்திலும் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பாட்டனையோ பெரியப்பாவையோ சயாம் ரயில்பாதைக்குப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்த சிலரின் வாயால் நேரில் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது முதுமை வந்துவிட்டது. தோட்டத்தின் பெயர், போனவரின் பெயர், கடைசியாகக் கண்ட ரயில் நிலையம், வீட்டில் பேசிக்கொண்டது என்று நினைவில் நிற்பதை, அது எவ்வளவு சிறிதாயினும், தங்கள் பத்திரிகைக்கு எழுதியனுப்புமாறு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். எழுத இயலாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர எங்கள் பகுதி வாசகர் சிலர் முன்வந்திருக்கிறோம். வரும் அன்சாக் நாள் இதழில் முதல் தொகுதியை வெளியிட இயலுமாயின், இப்போதே தொடங்கினால்தான் காலம் போதும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மேற்கு சிட்னி.